கடைசி இலக்கம் 6 அல்ல, 5

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் சென்ற வாரம் சதுரங்கப் பலகைக் கதை வெளிவந்திருந்தது. முதல் கட்டத்தில் ஒரு மணி அரிசி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று ஒவ்வொரு கட்டத்திலும் முந்தியதைப்போல் இரு மடங்கு வைத்து, 64 கட்டங்களையும் நிரப்பித் தரும்படி அரசனிடம் ஓர் அறிஞர் கேட்ட கதை. மொத்தம் எத்தனை மணி என்ற கேள்விக்கு விடையாக 18446744073709551616 என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். இது தவறு. சரியான விடை 18446744073709551615.

இதைத் தெரிவிக்க உங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்தவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் கடைசியில், "இருபது இலக்க எண்ணில் ஒன்று கூடினால் என்ன, குறைந்தால் என்ன சார்?" என்றார். அதற்குத் தொலைபேசியில் பதில் சொல்லி மாளாது. அதனால்தான் இந்தக் கடிதம். வழக்கமான வாசகர் கடிதத்தைவிட நீளமாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

நான் வேலூர் மண்டித் தெருவில் அரிசி மண்டிக் கணக்கு எழுதியே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன். ஆரணி ஆலைகளிலிருந்து லோடு வந்து இறங்கும். சிப்பத்தை எண்ணி, எடையைக் குறித்து, நாள்வழியில் ஏற்றி, பேரேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாலையில் கணக்கு ஒரு ரூபாய் இடித்தால் வீட்டுக்குப் போக முடியாது. ஒரு ரூபாயைக் கையிலிருந்து போட்டுவிட்டு எழுந்து போகலாமே என்று புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் கேட்பார்கள். ஆயிரம் ரூபாய் வரவு ஒன்றும் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ரூபாய் பற்று ஒன்றும் ஏற்றாமல் விடுபட்டிருந்தாலும் வித்தியாசம் ஒரு ரூபாயாகத்தான் தெரியும். அந்த ஒரு ரூபாய்க்கு அடியில் என்ன கிடக்கிறது என்று தேடிப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் 616-க்கும் 615-க்கும் நடுவிலும் அப்படி நிறையக் கிடக்கிறது.

முதலில், விடை 6-இல் முடிய வாய்ப்பே இல்லை என்பதைக் காட்டிவிடுகிறேன். இதற்குக் கால்குலேட்டர் வேண்டாம், மூன்றாம் வகுப்புக் கணக்கே போதும். முதல் கட்டத்தில் ஒரே ஒரு மணி. மற்ற 63 கட்டங்களிலும் 2, 4, 8, 16 என்று எல்லாமே இரட்டைப்படை. இரட்டைப்படைகளை எத்தனை கூட்டினாலும் இரட்டைப்படைதான். அதோடு முதல் கட்டத்து ஒற்றை மணியைச் சேர்த்தால் ஒற்றைப்படைதான் வந்தாக வேண்டும். சரி, ஏன் குறிப்பாக 5? ஒவ்வொரு கட்டம் வரைக்குமான மொத்தத்தை வரிசையாக எழுதிப் பாருங்கள்: 1, 3, 7, 15, 31, 63, 127, 255. கடைசி இலக்கம் 1, 3, 7, 5 என்று நான்கு நான்காகச் சுற்றி வருகிறது. 64 நான்கால் மீதியின்றி வகுபடும். ஆகவே 5.

அப்படியானால் 616 எங்கிருந்து வந்தது? அது 65-ஆவது கட்டம் என்று ஒன்று இருந்தால் அதில் வைக்க வேண்டிய அரிசி. எந்தக் கட்டம்வரை கூட்டினாலும் மொத்தம் அடுத்த கட்டத்து அரிசியைவிட ஒன்று குறைவாகவே இருக்கும். மேலே உள்ள வரிசையிலேயே அதைப் பார்க்கலாம். 2-இன் 64-ஆவது அடுக்கைக் கண்டுபிடித்தவர் அந்த ஒன்றைக் கழிக்க விட்டிருக்கலாம். அல்லது இயந்திரம் விழுங்கியிருக்கலாம். கைப்பேசியில் உள்ள சாதாரணக் கால்குலேட்டர் இந்த எண்ணை 1.8446744 என்று தொடங்கி, பத்தின் 19-ஆவது அடுக்கு என்று முடித்துவிடும். எக்செல்லில் போட்டால் பதினைந்து இலக்கத்தோடு நின்று, மீதியைச் சுழியத்தால் நிரப்பி 18446744073709600000 என்று காட்டும். முதல் பதினைந்து இலக்கம் போதும் என்று நினைப்பவர்களுக்காகச் செய்த கருவிகள் அவை. இந்த எண்ணின் சுவையோ வால் பக்கத்தில்தான் இருக்கிறது.

மண்டிக் கணக்கர்கள் பெருக்கலைச் சரிபார்க்க ஒன்பது தள்ளிப் பார்ப்பது வழக்கம். இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போய் ஒற்றை இலக்கமாக்குவது. இந்த எண்ணை நான் பேரேட்டுத் தாளில் 4294967295-ஐ 4294967297-ஆல் பெருக்கித்தான் கண்டேன். அந்த இரண்டும் எங்கிருந்து வந்தன என்பதைப் பிறகு சொல்கிறேன். முதல் எண்ணின் இலக்கக் கூட்டல் 57, அது 12, அது 3. இரண்டாவது 59, அது 14, அது 5. மூவைந்து 15, அது 6. விடையிலும் 6 வர வேண்டும். 18446744073709551615-இன் இலக்கங்களைக் கூட்டினால் 87, அது 15, அது 6. பொருந்துகிறது. நீங்கள் அச்சிட்ட எண்ணுக்கு 88, அது 16, அது 7. பொருந்தவில்லை. (இலக்கங்கள் இடம் மாறி விழுந்தால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. அதற்கு மறுபடி ஒவ்வொன்றாகப் படித்துத்தான் பார்க்க வேண்டும்.)

இந்த எண்ணைச் சரியாகக் கண்டுபிடிக்கக் கணினி தேவைப்பட்டதே இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அல்பிரூனி என்ற அறிஞர் இதைக் கடைசி இலக்கம்வரை சரியாக எழுதி வைத்திருக்கிறார். அவர் 64 முறை இரட்டிக்கவில்லை. 16-ஐ அதனாலேயே பெருக்கினார், 256. அதை அதனாலேயே பெருக்கினார், 65536. மறுபடியும், 4294967296. இன்னும் ஒரு முறை. நான்கே பெருக்கலில் போய்ச் சேர்ந்து, கடைசியில் ஒன்றைக் கழித்தார். இரும்புப் பேனாவும் காகிதமும் மட்டும் இருந்தால் இன்றைக்கும் இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

உங்கள் கட்டுரை "கற்பனைக்கு எட்டாத பிரம்மாண்டம்" என்று முடிகிறது. எட்டாது என்று ஏன் சொல்ல வேண்டும்? அளந்து காட்டலாமே. நடுத்தரப் புழுங்கலரிசி ஆயிரம் மணி 20 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 21-ஆவது கட்டத்தில் 10,48,576 மணி. ஏறத்தாழ 21 கிலோ, ஒரு சிப்பத்துக்குக் கொஞ்சம் குறைவு. பாதிப் பலகை, அதாவது 32 கட்டங்கள் முடியும்போது மொத்தம் 86 டன். நான்கைந்து லாரி லோடு. எங்கள் தெரு அதைப் பார்த்திருக்கிறது. 41-ஆவது கட்டம் ஒன்றுக்கு மட்டும் 22,000 டன் வேண்டும். பலகை முழுவதற்கும் சுமார் 36,900 கோடி டன். உலகம் முழுவதும் ஓராண்டில் கிடைக்கும் அரிசி இப்போது 50 கோடி டன்னைச் சற்றே தாண்டும். அப்படி 700 ஆண்டு விளைச்சலைச் சேர்த்தால் பலகை நிறையும். வாய்விட்டுச் சொல்வதும் கடினமில்லை: 1,84,467 கோடி கோடி, 44,07,370 கோடி, 95,51,615. எங்கள் தெருவில் சதுரங்கம் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் இதை மனப்பாடமாகச் சொல்கிறார்கள்.

ஆனால் அளவைச் சொல்லி முடித்ததும் எண்ணைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டதாக நினைப்பதுதான் எனக்கு வருத்தம். எட்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி உங்கள் பக்கத்தைக் கத்தரித்துக் கணக்கு நோட்டில் ஒட்டியிருந்தாள். 6-ஐ அடித்து 5 என்று திருத்திக் கொடுத்தேன். அவள் கேட்டாள்: "அப்படியானால் இந்த அரிசியை எத்தனை பேருக்குச் சமமாகப் பங்கு போடலாம் தாத்தா?" எண்ணைப் பற்றிக் கேட்கத் தகுந்த கேள்வி அதுதான். உங்கள் கட்டுரையில் அது இல்லை.

உட்கார்ந்து பார்த்தோம். இரண்டு பேருக்கு முடியாது, ஒற்றைப்படை. மூன்று பேருக்கு முடியும். ஐந்து பேருக்கு முடியும், பதினைந்து பேருக்கும் முடியும். ஏழு பேருக்குப் பிரித்தால் ஒரு மணி மிஞ்சுகிறது. ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று ஒன்றும் ஒத்துவரவில்லை. பதினேழு பேருக்கு மீதியில்லாமல் போகிறது. அதைவிட வேடிக்கை, அந்த மொத்த அரிசியையும் திரும்ப 64 கட்டங்களில் சமமாகப் போட முடியாது. ஒரு மணி குறையும். அவ்வளவு பெரிய குவியலில் சரியாக ஒரே ஒரு மணி! அரசனின் களஞ்சியத்தில் அரிசியை அளந்து போட்ட ஆள் நான்தான் என்றால் அந்த ஒரு மணி என் தூக்கத்தைக் கெடுத்திருக்கும்.

பேத்தியின் கேள்விக்கு முழு விடை பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஒரு எண்ணின் வர்க்கத்திலிருந்து ஒன்றைக் கழித்தால், அந்த எண்ணுக்கு ஒன்று குறைவானதையும் ஒன்று கூடியதையும் பெருக்கிய விடை வரும். அரிசிக் கணக்கில் சொன்னால், முழுப் பலகையின் மொத்தம் என்பது பாதிப் பலகையின் மொத்தத்தை, 33-ஆவது கட்டத்து அரிசியோடு ஒன்று கூட்டிய எண்ணால் பெருக்குவது. நான் பேரேட்டுத் தாளில் போட்ட பெருக்கல் இதுதான். அந்தப் பாதிப் பலகையையும் அப்படியே பாதியாக்கலாம், அதன் பாதியையும். கீழிருந்து மேலாகப் பாருங்கள். முதல் இரண்டு கட்டத்தின் மொத்தம் 3. நான்கு கட்டம் என்றால் 3 பெருக்கல் 5. எட்டுக் கட்டம், அதாவது பலகையின் முதல் வரிசை, அதோடு 17, மொத்தம் 255. இரண்டு வரிசைக்கு அதோடு 257, மொத்தம் 65535. நான்கு வரிசைக்கு, பாதிப் பலகைக்கு, அதோடு 65537, மொத்தம் 4294967295. பலகை இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு பெருக்கி உள்ளே வருகிறது. 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். ஒன்றுகூட இரண்டாம் முறை தலைகாட்டுவதில்லை.

இந்த ஐந்தையும் வைத்துத்தான் பிரான்சில் சட்டத்துறையில் இருந்துகொண்டே கணிதம் செய்த ஃபெர்மா 1640-ஐ ஒட்டி ஒரு முடிவுக்கு வந்தார். இதே போக்கில் வரும் எல்லா எண்களும் பகா எண்களாகவே இருக்கும் என்று நம்பினார். அடுத்தது 4294967297. முழுப் பலகைக்காக உள்ளே வரும் எண். அதை யாராலும் உடனே உடைத்துக் காட்ட முடியவில்லை. 90 ஆண்டுக்கு மேல் அந்த நம்பிக்கை நின்றது. 1732-இல் ஆய்லர் என்ற இருபத்தைந்து வயது இளைஞர் அது 641-ஆல் வகுபடுகிறது என்று காட்டினார். ஈவு 6700417.

641-ஐ எப்படிப் பிடித்தார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இந்த எண்ணுக்குப் பகா காரணி ஒன்று இருந்தால், அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி ஒன்று வந்தே தீர வேண்டும். இந்த விதியையும் ஆய்லரே நிறுவினார். அப்படியானால் சோதிக்க வேண்டியவை 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று போகும். இவற்றில் 65, 129, 321, 385, 513 பகா எண்கள் அல்ல, தள்ளிவிடலாம். மிச்சம் 193, 257, 449, 577. நான்கும் மீதி தருகின்றன. ஐந்தாவது 641. நானூற்றிருபத்தொன்பது கோடியைத் தாண்டும் ஓர் எண்ணை ஐந்தே வகுத்தலில் உடைத்துவிடலாம்.

641-இல் இன்னொரு நயமும் இருக்கிறது. அதை 5 பெருக்கல் 128, கூட்டல் 1 என்று எழுதலாம். 625 கூட்டல் 16 என்றும் எழுதலாம். அதாவது 5-இன் நான்காம் அடுக்கும் 2-இன் நான்காம் அடுக்கும் சேர்ந்தது. இந்த இரண்டு முகத்தையும் பக்கத்தில் வைத்தால் வகுத்துப் பார்க்காமலே 4294967297 அதனால் வகுபடும் என்று நிறுவிவிடலாம். பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் ஒரு மாலையில் புரிந்துகொள்ளக்கூடியது. உங்கள் மாணவர் பக்கம் நான்கு வாரத்துக்கு இதைக் கொண்டே நடத்தலாம்.

ஆக, பலகை முழுவதின் அரிசி 3, 5, 17, 257, 641, 65537, 6700417 என்ற ஏழு பகா எண்களின் பெருக்கல். ஏழும் வேறுவேறு. ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம் என்பதால் இந்த அரிசியை மீதியின்றிப் பங்கு போட 128 வழிகள் உண்டு. என் பேத்தி கேட்டதற்கு விடை அதுதான். அவள் அத்தனையையும் நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறாள்.

பாதிப் பலகையைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1796-இல், பத்தொன்பது வயது நிறையாத ஜெர்மன் கணித அறிஞர் காஸ், 17 பக்கமுள்ள ஒழுங்குப் பலகோணத்தைக் காம்பஸும் அளவுகோலும் மட்டும் கொண்டு வரைய முடியும் என்று கண்டுபிடித்தார். பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்து, அப்படி வரைய முடிய வேண்டும் என்றால், அது ஃபெர்மாவின் வரிசையில் வரும் பகா எண்களை ஒரு முறைக்கு மேல் எடுக்காமல் பெருக்கியதாக இருக்க வேண்டும். இன்றுவரை அறிந்த அத்தகைய பகா எண்கள் அந்த ஐந்துதான். ஐந்தையும் பெருக்கினால் 4294967295. ஒற்றைப்படைப் பக்கங்களோடு வரைய முடியும் என்று நமக்குத் தெரிந்த பலகோணங்களில் மிகப் பெரியதன் பக்கங்களும், எங்கள் தெருவுக்கு வந்து இறங்கக்கூடிய அந்த நான்கைந்து லாரி அரிசியின் மணிகளும் எண்ணிக்கையில் ஒன்றே.

இனி உங்கள் அலுவலக நண்பர் கேட்ட கேள்விக்கு நேராக வருகிறேன். ஒன்று கூடினால் என்ன?

ஒன்று கூடினால் அந்த ஏழு பேரும் வெளியேறிவிடுகிறார்கள். நீங்கள் அச்சிட்ட 616-ஐ உடைத்தால் 2-ஐத் தவிர வேறு எதுவும் கிடைக்காது. 64 முறையும் 2. 3 இல்லை, 17 இல்லை, ஆய்லரின் 641 இல்லை. இன்னும் ஒன்று கூட்டினால் 18446744073709551617. ஃபெர்மா வரிசையின் அடுத்த எண் அது. அதை உடைத்த கணக்கு அச்சில் வெளிவர 1880 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர், எண்பது வயதைக் கடந்தவர், கையால் கணக்குப் போட்டு 274177-ஐயும் 67280421310721-ஐயும் பிரித்தெடுத்தார். இரண்டே காரணிகள். அந்த வயதில் அந்தப் பெருக்கலை உட்கார்ந்து போட்ட மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது. அடுத்தடுத்து நிற்கும் மூன்று எண்கள். ஒன்றில் ஏழு பகா எண்கள், அடுத்ததில் ஒன்றே ஒன்று, அதற்கடுத்ததில் இரண்டு.

இது சாதாரணமா, அபூர்வமா என்று பார்க்க நம்மிடமே அளவுகோல் இருக்கிறது. 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்கு எழுத்தராக வேலை பார்த்த ராமானுஜன், பிறகு கேம்பிரிட்ஜில் கணித அறிஞர் ஹார்டியோடு சேர்ந்து 1917-இல் ஓர் உண்மையைக் கண்டார். ஓர் எண்ணுக்குப் பொதுவாக எத்தனை வெவ்வேறு பகா காரணிகள் இருக்கும்? அந்த எண்ணின் இயல் மடக்கையை (கால்குலேட்டரில் ln என்ற பொத்தான் தருவது) எடுத்து, அதற்கும் ஒரு முறை இயல் மடக்கை எடுத்தால் கிடைப்பதை ஒட்டியே இருக்கும். நம் இருபது இலக்க எண்ணுக்கு அது ஏறத்தாழ நான்கு. எண் எவ்வளவு பெரிதானாலும் காரணிகளின் எண்ணிக்கை அவ்வளவு மெல்லத்தான் ஏறும். அப்படியிருக்க ஏழு பகா எண்களோடு, ஒன்றுகூட மறுமுறை வராமல், நிற்கிறது 615. அதை அடுத்து நிற்கும் 616-உம் 617-உம் வழக்கமான நான்குக்கும் கீழே. கணக்கு எழுதிப் பிழைத்த ஒருவர் கண்டுபிடித்த விதியைக்கொண்டு இந்த எண்ணின் அருமையை அளக்க முடிகிறது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

கணினி படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லலாம். 64 பிட் இடத்தில் குறி இல்லாத முழு எண்ணாகச் சேமிக்கக்கூடிய மிகப் பெரிய எண் இதே 18446744073709551615. அதே இடத்துக்குள் அதோடு ஒன்றைக் கூட்டச் சொன்னால் உங்கள் 616 வராது. சுழியம் வரும். 36,900 கோடி டன் அரிசியும் அந்த ஒரு மணியில் போய்விடும். பணப் பரிமாற்றங்களைக் காக்கும் ஆர்எஸ்ஏ மறையீட்டில் பொதுச் சாவியோடு மிகப் பரவலாகச் சேர்த்துத் தரப்படும் எண்ணும், பாதிப் பலகையில் நாம் பார்த்த அந்த 65537 தான்.

குகேஷ் 2024 டிசம்பரில் உலகப் பட்டம் வென்ற பிறகு கொசப்பேட்டையிலேயே பிள்ளைகள் சதுரங்கப் பலகையை இடுக்கிக்கொண்டு வகுப்புக்குப் போவதைப் பார்க்கிறேன். இந்தக் கதை இனிப் பல முறை அச்சாகும். பள்ளிகளில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் உங்கள் பக்கத்தைத்தான் வாசிக்கிறார்கள். ஆசிரியர்கள் அதைப் பார்த்துக் கரும்பலகையில் எழுதுகிறார்கள், பிள்ளைகள் வெட்டி ஒட்டிக்கொள்கிறார்கள். மற்ற செய்தியில் வரும் அச்சுப் பிழையை மறுநாள் யாரும் நினைவில் வைப்பதில்லை. மாணவர் பக்கத்துப் பிழை நோட்டில் ஒட்டிக்கொண்டு ஆண்டு முழுவதும் இருக்கும். அந்த எண்ணை உடைத்துப் பார்க்க ஆசைப்படும் ஒரு பிள்ளை 616-ஐ எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு, இரண்டு, இரண்டு என்று வகுத்துக்கொண்டே போய், இதில் ஒன்றுமில்லை என்று மூடிவைத்துவிடும். அதற்குள்ளே 641 இருந்திருக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்வது?

ஆகவே திருத்தத்தை ஏழாம் பக்கத்து மூலையில் போடாமல், அதே மாணவர் பக்கத்தில், தவறான எண்ணை அச்சிட்ட அதே அளவு எழுத்தில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். எண்ணை வரியின் நடுவே உடைக்க வேண்டாம். காற்புள்ளிகளை நம் வழக்கப்படி 1,84,46,74,40,73,70,95,51,615 என்று இடுங்கள். இடம் இருந்தால் ஏழு பகா காரணிகளையும் கீழே கொடுத்து, பெருக்கிப் பார்க்கும்படி பிள்ளைகளைக் கேளுங்கள். அச்சுக்கு அனுப்பும் முன் மெய்ப்புப் பார்ப்பவர் இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கட்டும். 87 வர வேண்டும். வந்தபின் இடமிருந்து வலமாக இன்னொரு முறை ஒவ்வோர் இலக்கமாகப் படித்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மண்டிக் கணக்கர்,
கொசப்பேட்டை, வேலூர்.